பிளாப்பிகளுக்கு வேலை கிடைத்த விதம்

என் மனைவிக்கு ஆபீஸ் தரவேண்டியது பதின்மூவாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று. இதை நான் சொல்லவில்லை. ஆபீஸே சொன்னது. தாளில் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, அதன்மேல் முத்திரையும் குத்திக் கொடுத்தது. தரவேண்டியவன் இவ்வளவு ஒழுங்காக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒப்புக்கொண்டதோடு சரி.

தண்ணீர் வரி ஆபீஸ் அது. மூன்று மாடி. ஊர் குடிக்கிற தண்ணீருக்கெல்லாம் அங்கேதான் கணக்கு, ஆனால் இரண்டாம் மாடிக் கக்கூஸில் தண்ணீர் வராது. அவள் அங்கே இருபத்திரண்டு வருஷம் பெருக்கித் துடைத்தாள். தினக்கூலி. நான் அதே இடத்தில் சுமை தூக்குகிறவன். யாரோ எந்தக் காலத்திலோ போட்ட வழக்கு முடிந்து, பெருக்குகிற பெண்களுக்கு நாளுக்கு ஏழு கூட்டித் தர வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. நடுவில் ஆறு வருஷம் நாலு மாசத்துக்கு மட்டும். அந்தக் காலத்தில் அவள் வேலைக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது நாள். ஏழால் பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு உத்தரவு பொருந்தாது. சுமை தூக்குகிறவன் மேஸ்திரியின் ஆள், ஆபீஸின் ஆள் இல்லை. என் முதுகு மட்டும்தான் ஆபீஸுடையது.

தாளைக் காசாளரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"தொகை சரியாத்தான் இருக்கு."

"அப்ப குடுங்க சார்."

"இது நகல்ப்பா. மூலம் எங்க?"

"மூலம்னா?"

"அந்த வருஷங்கள்ல வருகைய நோட்டுல எழுதல. கம்ப்யூட்டர்ல ஏத்தி பிளாப்பியில வெச்சிட்டாங்க. பிளாப்பிதான் மூலம். அதுலேருந்து எடுத்த பட்டியலைப் பாத்துப் போட்டதுதான் உன் தாள். நகலை மூலத்தோட ஒப்பிட்டுப் பாத்து, ஒத்துப்போகுதுன்னு எழுதினாத்தான் நான் பெட்டியைத் திறக்க முடியும்."

"ஒப்பிட்டுப் பாருங்க சார்."

"எதுல போட்டுப் பாக்கறது? பிளாப்பி போடற மெஷினை ஏலம் விட்டுப் பதினாலு வருஷமாச்சு."

"அப்ப என்ன பண்றது சார்?"

"காத்திருக்கணும்," என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார்.

வீட்டில் அவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்போதே இருமல் வந்துவிட்டது. "தூசி பக்கம் போகாதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னதற்கு, "தூசி பக்கம் போனாத்தான் டாக்டர் எங்களுக்கு அரிசி" என்று சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

"என்ன சொன்னாங்க?"

"தொகை சரியாம்."

"தொகை சரின்னா கை ஏன் காலியா இருக்கு?"

நான் மூலம், நகல் என்று விளக்கினேன். எனக்கே விளங்காததை விளக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நான் நடந்து போனது மூலம் இல்லியா?" என்றாள். "குனிஞ்சு பெருக்குனது? இந்த முதுகு?"

"முதுகுல முத்திரை இல்லியாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "அது என் காசுங்க," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் போறதுக்குள்ள அதக் கையில வாங்கிப் பாத்துடணும். செலவு பண்ணக்கூட வேணாம். பாத்துடணும்."

இனி பிளாப்பிக்கு வருகிறேன்.

முதல் மாடியின் கடைசி அறையில் அவை இருந்தன. கறுப்புச் சதுரம், உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் தகர மூடி. நாங்கள் சில்லு என்போம். மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து நானூறு. அந்த வருஷம் தணிக்கைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அறையைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று வரி எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அரசுப் பணத்தில் வாங்கிய இத்தனை பொருள் எந்தப் பயனும் இல்லாமல் கிடக்கிறது. ஒவ்வொன்றும் பயன்பட்டதாகச் சான்று தர வேண்டும். சான்று வரும்வரை இந்த ஆபீஸ் யாருக்கும் எந்தப் பாக்கியும் கொடுக்கக் கூடாது.

இப்படியாக என் மனைவியின் பணம் இரண்டு கயிற்றில் தொங்க ஆரம்பித்தது.

உடனே ஒரு குழு போட்டார்கள். மாற்றுப் பயன்பாட்டுக் குழு என்று பெயர். தலைவராக வந்தவரை ஆபீஸில் எல்லோரும் மேற்படியார் என்பார்கள், அவர் காதில் விழாமல். நாற்பது வருஷம் கோப்பு எழுதி எழுதி, எதையும் ஒரு முறைக்கு மேல் பெயர் சொல்லி அழைக்க மாட்டார். சொந்த மனைவி வெளியூர் போனதைக்கூட "மேற்படி நபர் திங்கட்கிழமை திரும்புகிறார்" என்பார்.

முதல் கூட்டத்துக்கு நாற்காலி சுமந்து போனவன் நான். ஓரமாக நின்றேன். கிடங்குச் சாவி வைத்திருப்பவர், அவரைச் சாவி என்றே கூப்பிடுவோம், தெரியாத்தனமாக வாய் திறந்தார்.

"சார், தூக்கிப் போட்டுடலாமே?"

பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"அரசாங்கப் பொருளைப் பயன்படுத்தாமத் தூக்கிப் போடறது குத்தம்," என்றார் மேற்படியார், கோபமே இல்லாமல். "பயன்படுத்திட்டுத் தூக்கிப் போடலாம். அது நிர்வாகம்."

முதல் பயன் டீ தம்ளருக்கு அடியில் வைப்பது. ஆளுக்கு ஒன்று. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாலையில் திருப்பித் தரும்போது ஒரு கையெழுத்து. கையெழுத்து வரிசை நகர்ந்து தம்ளர் மேசைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். ஆறின டீக்கு அடியில் தட்டு எதற்கு என்று ஒருவர் எழுதிக் கேட்டார். அவரை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள்.

அதில் தீர்ந்தது நூற்று அறுபதுதான். மேசைக்கால் ஆட்டத்தை நிறுத்துவது என்று அடுத்த பயன் வந்தது. ஆடுகிற மேசை எத்தனை என்று எண்ணினார்கள். பதினொன்று. பதினொரு மேசைக்கு எத்தனை சில்லு போகும்? ஆகவே ஆடாத மேசைக்கும் கொடுப்பது, நாலு காலுக்கும் கொடுப்பது, காலுக்குப் பத்து என்று முடிவானது. நானும் இன்னும் இரண்டு பேரும் ஒன்பது நாள் மேசை தூக்கினோம். எல்லா மேசையும் ஒரே அளவு உயர்ந்ததும் நாற்காலி பள்ளமாகிவிட்டது. மோவாய்க்கு நேராக மேசை. ஆகவே நாற்காலிக்கும் காலுக்குப் பத்து. நாற்காலி உயர்ந்ததும் கால் தரையில் எட்டவில்லை. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் மரக்கிளையில் உட்கார்ந்தவர்கள்போலக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கோப்புப் பார்த்தார்கள். ஆகவே காலுக்கு அடியில் வைக்க ஆளுக்கு இருபது சில்லில் ஒரு பலகை. பலகை வந்ததும் எல்லாம் முன்பு இருந்ததுபோலவே ஆகிவிட்டது, கட்டடத்தில் தரை மட்டும் கொஞ்சம் கீழே போன மாதிரி.

மேற்படியார் இதைப் பெரிய வெற்றி என்று எழுதினார். பதினாறாயிரத்துச் சொச்சம் ஒரே வீச்சில் தீர்ந்தது.

அந்த வாரம்தான் அவள் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தாள். எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதற்குப்பின் அவள் பெருக்கப் போகவில்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பது மட்டும் எந்த மூலமும் பார்க்காமல் உடனே அமலுக்கு வந்தது.

அப்போதுதான் காந்தத் திட்டம் வந்தது. ஆபீஸில் இரும்பு அலமாரிகள் நிறைய. அறிக்கைகளை அலமாரிக் கதவில் ஒட்ட வேண்டும், பசை போட்டால் பெயிண்ட் போகிறது. சில்லின் முதுகில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால் தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒன்பதாயிரம் தேவை. ஒட்டுகிற வேலையைத் தொழிலாளர் குடும்பங்களுக்கே வீட்டில் வைத்துச் செய்யக் கொடுத்தால் நலத்திட்டக் கணக்கிலும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். நூறு ஒட்டினால் பன்னிரண்டு.

"உக்காந்த இடத்துல வேலை," என்று அவளிடம் சொன்னேன். "தூசி இல்ல."

"அப்ப வாங்கிட்டு வாங்க. சும்மா கெடந்து மோட்டுவளையப் பாக்கறதுக்கு இது தேவல."

சாக்கில் கட்டி என் முதுகிலேயே சுமந்து கொண்டுவந்தேன். அவள் சுவரில் சாய்ந்து, மடியில் பலகை வைத்து, சில்லைக் கவிழ்த்து, மூலையில் ஒரு சொட்டுப் பசை விட்டு, காந்தத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள். பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். அவள் பன்னிரண்டு எண்ணுவாள்.

"பத்துதானே சொன்னாங்க?"

"அவங்க சொன்னாங்க. விழுந்துட்டா யாரத் திட்டுவாங்க? ஒட்டினவளத்தான்."

சில்லின் மறுபுறம் காகிதத்தில் என்னவோ எழுதி ஒட்டியிருக்கும். என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் கைநாட்டு, நானும் கைநாட்டு. ஒருநாள் எழுத்தைப் பார்த்து, "அழகா எழுதியிருக்குல்ல, கோலமாட்டம்," என்றாள். மூன்று மாசத்தில் இரண்டாயிரத்து அறுநூறு ஒட்டினாள்.

காந்த வேலை தீர்ந்தபிறகு ஒரு நல்ல செய்தி வந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் டிவி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்கு ஒரு பெட்டி இறக்கப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், தண்ணீர் கொடுத்தார். பேச்சுவாக்கில் மூலம், நகல் கதையைச் சொன்னேன்.

"பிளாப்பியா?" என்று சிரித்தார். "அண்ணே, அதைப் போடற பழைய மெஷின் ஒண்ணு என்கிட்ட இன்னும் ஓடுது. கொண்டாங்க. காசு வேணாம். திறந்து தாள்ல எடுத்துத் தர்றேன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை. இந்த வயதில், இந்த முழங்காலோடு, ஓடினேன் என்றே சொல்லலாம்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நெசமாவா? போய்க் கேளுங்க. குழுவக் கேளுங்க. ஒரே ஒரு சில்லு. குடுக்க மாட்டாங்களா?"

குழு என்னைக் கூப்பிட்டது. உயர்ந்த மேசைக்குப் பின்னால் உயர்ந்த நாற்காலிகளில் ஐந்து பேர். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன பண்ணணும்கிற?" என்றார் மேற்படியார்.

"படிக்கணும் சார்."

"எதை?"

"பிளாப்பியை சார்."

அவர் ஒரு கோப்பைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். பிறகு மிகவும் அன்பாகப் பேசினார். அந்த அன்பை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இந்தா பாருப்பா. இந்தக் குழுவோட பேர் என்ன? மாற்றுப் பயன்பாட்டுக் குழு. பிளாப்பியைப் படிக்கிறதுங்கிறது அதோட பழைய பயன்பாடு. மேற்படி பழைய பயன்பாட்டுக்கு அனுமதி குடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. விசிறி பண்ணணுமா, இப்பவே நூறு எடுத்துக்கோ. வீட்டுக் கூரை ஒழுகுதா, ஐந்நூறு எடுத்துக்கோ. போன வாரம் என் பேரன் வீடு கட்டி விளையாட நானே நாப்பது கொண்டுபோனேன். ஒளிச்சு மறைச்சு இல்ல. குழந்தை நலம்னு ஒரு தலைப்பு இருக்கு, அதுல எழுதிட்டுத்தான் எடுத்தேன். நேர்மைன்னா அதான். நீ கேக்கறதுக்குத் தலைப்பே இல்லையே. இருந்தா உனக்கில்லாம யாருக்குக் குடுக்கப் போறேன்? நான் ஏழைங்க பக்கம்ப்பா. விதிதான் அந்தப் பக்கம் இருக்கு."

மற்ற நான்கு பேரும் வருத்தமாகத் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

வெளியே சாவி என் தோளில் கை வைத்தார். "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் தெரியல. படிக்கன்னு ஏன் கேட்டீங்க? மேசை ஆட்டம் நிறுத்தன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. நான் தர்றேன். எது வேணும்னு காட்டுங்க."

எது வேண்டும்? அறையில் இன்னும் பத்தாயிரத்துக்குமேல் இருந்தன. எல்லாமே கறுப்பு, எல்லாமே சதுரம்.

தட்டச்சு அடிக்கிற பெண்ணிடம் போனேன். வெளியூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வயசு, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் காலத்து வேலையாட்களை விசாரித்து, சில்லின்மேல் என்ன எழுதியிருக்கும் என்று கண்டுபிடித்து, ஒரு சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். வருகை. துப்புரவு. பெண். பெண்கள் மொத்தமே ஏழு பேர், ஆகவே ஆறு வருஷமும் ஒரே சில்லில் இருக்கும் என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் நான் கற்றுக்கொண்ட முதல் எழுத்து 'து'. சாப்பாட்டு வேளையில் அந்தப் பெண்ணே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். முதலில் படம் பார்ப்பதுபோல ஒப்பிட்டுப் பார்த்தேன். பிறகு மற்ற எழுத்துகளும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. மீட்டர், தெரு, நிலுவை, கிணறு. கடைசி அறையில் ஒவ்வொரு சில்லாகத் தூக்கித் தூக்கி ஊரில் யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாசம் ஆனது. பத்தாயிரமும் முடிந்தது. அவள் இல்லை.

அவள் என்று எழுதிவிட்டேன். அவளுடைய சில்லு, அது என்று இருக்க வேண்டும். இருக்கட்டும்.

அந்த வாரம் காசாளர் அறைக்குக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு போனேன். கட்டை இறக்கி நிமிர்ந்தால், அவர் தலைக்குப் பின்னால் இரும்பு அலமாரி. கதவில் ஓர் அறிக்கை. இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் என் கண் தானாக ஓடுகிறது. "பாக்கி கேட்டு யாரும் நேரில் வரக் கூடாது." அந்தத் தாளை நான்கு சில்லு பிடித்துக்கொண்டிருந்தன. நான்காவதில் வ, ரு, கை. அடுத்த வரியில் து.

வாய்விட்டுப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. காசாளர் திரும்பினார்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"இப்பத்தான் சார். சார், நீங்க கேட்ட மூலம் உங்க தலைக்குப் பின்னாலதான் இருக்கு."

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கோ. ஆனா அந்த மூலை தொங்கும், வேற ஒண்ணு கொண்டுவந்து வெச்சுடு," என்றார். வேறொன்று வைத்தேன். கையெழுத்துப் போட்டேன். என் முதல் கையெழுத்து அதுதான்.

மாடிப்படியில் நின்று திருப்பிப் பார்த்தேன். மூலையில் காந்தம். பசை கொஞ்சம் வழிந்து காய்ந்திருந்தது. பசைக்குள் ஒரு நரைமுடி சிக்கியிருந்தது, நீளமாக. பன்னிரண்டு எண்ணும்வரை அழுத்திய கட்டைவிரலின் தடமும் இருந்தது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நம் வீட்டுக்கே வந்துவிட்டுப் போயிருக்கிறது பார் என்று நினைத்தேன்.

கடைக்காரர் சில்லை வாங்கித் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"யாருண்ணே இதுல காந்தம் ஒட்டினது?"

"ஏன் தம்பி?"

"காந்தம் பட்டா உள்ள இருக்கிறது போயிடும்ணே. இதுக்கு எமனே காந்தம்தான்."

அவர் பிளேடால் காந்தத்தைப் பக்குவமாகக் கழற்றினார். ஒன்றும் ஆகியிருக்காது, பார்ப்போம், பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே மெஷினில் செருகினார். மெஷின் கரகரவென்று சத்தம் போட்டது, சளி கட்டினவர்கள் மூச்சு இழுப்பதுபோல. மூன்று முறை எடுத்துத் துடைத்துப் போட்டார். திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது.

"என்ன சொல்லுது?"

"இதுல ஒண்ணுமே எழுதலியாம். புதுசா ஆரம்பிக்கலாமான்னு கேக்குதுண்ணே."

"வேணாம்னு சொல்லுங்க," என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தெரு சுற்றிப் போனேன். அவள் இன்னும் மெலிந்திருந்தாள். தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறந்துச்சா?"

"திறந்துச்சு."

"நான் இருக்கேனா அதுல?"

"இருக்க. எல்லா நாளும் இருக்கு."

"பெரிய மழை பேஞ்சு கீழ்த்தளம் பூராத் தண்ணி நின்னுச்சே, ஒருத்தரும் வராம நான் மட்டும் போய் வாரி ஊத்தினேனே. அந்த நாள்?"

"இருக்கு."

"உங்கப்பா செத்த மறுநாள் போனேன்."

"அதுவும் இருக்கு."

"நம்ம பொண்ணு பொறந்து..."

"பன்னண்டாம் நாள்லேருந்து இருக்கு. நான் என் கண்ணால படிச்சேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாருங்களேன். ஒரு பெட்டிக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருந்திருக்கு. மனுஷங்களவிட அது தேவல," என்றாள். பிறகு, "அப்ப எப்பத் தருவாங்க?" என்றாள்.

மறுநாள் காசாளரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"வெளிய சொல்லிடாத. மூலத்துல ஒண்ணும் இல்லன்னா அப்புறம் நகல்ல இருக்கிறது என்ன? பொய்க் கணக்கு. உன் பொண்டாட்டி வேலைக்கே வரலன்னு ஆயிடும். வாங்கின பழைய கூலியையும் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. நல்ல காலம், என்கிட்ட சொன்ன."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாசமே கடைசிச் சில்லுக்கும் வேலை கிடைத்தது. மாடிப்படி ஓரத்தில் பூத்தொட்டி போலச் செய்து வைத்தார்கள். தொட்டிக்குப் பூ இல்லை. பூ வேறு தலைப்பில் வருகிறதாம். பயன்பாட்டுச் சான்று மேலே போனது. விழா நடந்தது. நாங்கள் நாற்காலி சுமந்தோம். பெரிய இயக்குநர் வந்து பேசினார். "இந்த அலுவலகத்தில் எதையும் நாங்கள் கைவிடுவதில்லை. மற்றவர்கள் குப்பை என்று நினைப்பதற்குக்கூட இங்கே ஓர் இடம் கொடுத்து, கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறோம்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைதட்டாதவர்களைச் சாவி குறித்துக்கொண்டிருந்தார், அவருக்கு அன்று அதுதான் வேலை. நிறுத்தி வைத்திருந்த பணம் விடுபட்டது. மேற்படியாருக்குப் பதவி உயர்வு. விழாச் செலவு போக மிச்சத்தில் புதிதாக ஒரு அறை கட்டினார்கள், அடுத்து வாங்கப்போவதை வைக்க.

நான் மேஸ்திரியிடம் போனேன்.

"எவ்ளோ?" என்றார்.

"பதிமூவாயிரத்து முந்நூத்தி அறுபத்து மூணு."

"என்னடா இது, கடனை யாராவது இப்படிக் கேப்பானா? பதிமூணு வாங்கிக்க, இல்ல பதினாலு வாங்கிக்க. அந்த அறுபத்து மூணு எதுக்கு?"

"வேணும்ணே."

என் முகத்தைப் பார்த்தார். வாரம் இருநூறு பிடித்தம் என்று பேசி எண்ணிக் கொடுத்தார். வட்டி சொல்லவில்லை.

அவள் மடியில் வைத்தேன். "ஆபீஸ் குடுத்துடுச்சு."

நிதானமாக எண்ணினாள். எச்சில் தொடாமல், ஒவ்வொரு தாளாக நீவி நீவி எண்ணினாள். மூன்று சில்லறைக் காசையும் தனியாக வைத்தாள். கணக்கு சரியாக வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"என்கிட்டக் கைநாட்டு வாங்கலியே?"

எனக்கு அது தோன்றவேயில்லை. "நான்தான் போட்டேன். இப்ப எனக்குக் கையெழுத்துப் போட வருதில்ல."

"என் பணத்துக்கு நீங்க போட்டு ஒத்துக்கிட்டாங்களா? அந்த ஆபீஸா?"

நான் பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். தண்ணீர் இருந்தது. திரும்பி வந்துதானே ஆக வேண்டும்.

அவள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"மேஸ்திரிக்கு வாரம் எவ்ளோ?" என்றாள்.

"இருநூறு."

"ம்." முடிச்சை அவிழ்த்து இருநூறை எடுத்து என் கையில் வைத்தாள். "மொத வாரத்துக்கு. மீதிய நான் வெச்சிருக்கேன். வாராவாரம் கேட்டு வாங்கிக்கணும். கேக்காம எடுத்தா கைய ஒடிச்சிடுவேன்."

பிறகு ஒரு தாள் கொண்டுவரச் சொன்னாள். பேனாவை உடைத்து மை எடுத்தேன். "எழுதுங்க," என்றாள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பது நாளுக்கும் முழுசா வாங்கிட்டேன்னு எழுதுங்க. எனக்குக் குடுக்க வேண்டியவங்க குடுத்துட்டாங்கன்னு." எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் பொறுமையாக இருந்தாள். முடிந்ததும் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்து அழுத்தினாள்.

சனிக்கிழமைதோறும் கேட்டேன். சனிக்கிழமைதோறும் முடிச்சை அவிழ்த்து, ஏதோ தன் கடனை அடைப்பதுபோல மிடுக்காக எடுத்துக் கொடுத்தாள். பதினேழு வாரம் கொடுத்தாள். பதினெட்டாவது வாரம் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்.

அவளை எடுத்துப்போன ஒரு மாசம் கழித்து ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேற்படியார் இப்போது பெரிய அறையில் இருக்கிறார். உட்காரச் சொன்னார். நாற்காலி உயரம், நான் நின்றுகொண்டேன்.

"மேற்படி நபர் காலமானது வருத்தம்தான்," என்றார். "ஆனா ஒரு விதத்துல, கணக்கு முடியாம இழுத்துட்டே இருந்துச்சு. மேற்படி பாக்கியைத் தள்ளுபடி பண்ணிட்டோம். வாரிசுங்கிற முறையில நீ எழுதிக் குடுத்துட்டா கோப்பை மூடிடலாம். படிச்சுக் காட்டச் சொல்லட்டுமா?"

"நானே படிச்சுக்கறேன் சார்."

படித்தேன். பதின்மூவாயிரத்து முந்நூற்று அறுபத்து மூன்று என்று சரியாகப் போட்டிருந்தது. கீழே நான் என் கையால் எழுத வேண்டிய வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். என் மனைவிக்கு எந்தப் பாக்கியும் வரவேண்டியதில்லை. அதுதான் வரி.

"மனசு கஷ்டமா இருந்தா நாளைக்கு வந்துகூட எழுதலாம்," என்றார்.

"கஷ்டம் இல்ல சார். நெசந்தானே," என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.